ஊருக்குள் வருகிற நர்ஸ் அந்த ஊர்ப் பெண்ணாக இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜூன் 19, உலக சிக்கிள் செல் தினம். சிக்கிள் செல் என்பது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகிற ஒரு ரத்த நோய். அந்த நோயைப் பற்றியும், எங்கள் கூடலூர் பக்கத்தில் அதற்காக முப்பது வருஷத்துக்கு மேல் உழைக்கிற ஆதிவாசி மருத்துவமனையைப் பற்றியும் நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

நான் சேரம்பாடி பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்தவள். என்னோடு பள்ளிக்கூடத்தில் பணியர் என்கிற ஆதிவாசி இனத்துப் பையன் ஒருவன் படித்தான். ஆடி மழை பிடித்துக்கொண்டால் வாரத்தில் பாதி நாள் வரமாட்டான், வந்தாலும் முட்டியைக் கட்டிக்கொண்டு சுருண்டு உட்கார்ந்திருப்பான், கண் இரண்டும் மஞ்சளாக இருக்கும். பள்ளிக்கு வராமல் இருக்க நடிக்கிறான் என்று வாத்தியார் அடித்தார். நாங்கள் சிரித்தோம். ஏழாம் வகுப்புக்கு அவன் வரவேயில்லை. பல வருஷம் கழித்து, சுகாதாரப் பணியாளர் ஒரு பெண் எங்கள் பக்கம் வந்து, குளிர் பட்டால் கைகால் மூட்டெல்லாம் பிடுங்கி எடுக்கும், கண் மஞ்சளாகும், சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்கடி காய்ச்சல் வரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னபோது எனக்கு அந்தப் பையன் முகம்தான் வந்தது. அவனுக்கு இருந்தது இதுவாகத்தான் இருக்கும்.

நம் ரத்தத்தில் இருக்கிற சிவப்பணு நூற்றிருபது நாள் உயிரோடு இருக்கும். இந்த நோயில் அது அரிவாள் மாதிரி வளைந்து, பத்து இருபது நாளில் அழிந்துபோகிறது. வளைந்த அணுக்கள் சின்ன ரத்தக்குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும்போது வருகிற வலியைத்தான் நாங்கள் நடிப்பு என்று சொன்னோம். அம்மா அப்பா இரண்டு பேரிடமும் இந்த நோயின் மரபுக் கூறு இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு இருக்கிறது. ஒருவரிடம் மட்டும் இருந்தால் பிள்ளைக்கு நோய் வராது.

இந்தியாவில் இது முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே எங்கள் நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான், 1952-ல். நாடு முழுக்க இதற்கென்று ஒரு தேசிய இயக்கம் தொடங்கியது 2023 ஜூலையில். எழுபத்தொரு வருஷம் இடைவெளி. அந்த இடைவெளியில் எத்தனை பிள்ளைகள் பேரில்லாத நோயில் போனார்கள் என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

அரசு திட்டத்துக்காகக் காத்திராமல் எங்கள் பக்கத்தில் இந்த வேலையைச் செய்தது, அந்த ஆதிவாசி மருத்துவமனையை நடத்துகிற அஸ்வினி என்கிற தொண்டு நிறுவனம். எண்பதுகளின் நடுவில், அஸ்வினிக்கு முன்னோடியான அக்கார்டு அமைப்பு ஆதிவாசிகளின் நில உரிமைக்காக வேலை தொடங்கியது, 1988 டிசம்பர் 5-ல் ஆயிரக்கணக்கானோர் கூடலூர் வீதியில் ஊர்வலம் போனார்கள். ஆனால் பிரசவத்தில் தாய் செத்துப்போகிற ஊரில், வயிற்றுப்போக்கில் குழந்தை செத்துப்போகிற ஊரில் நிலத்தைப் பற்றி மட்டும் எப்படிப் பேசுவது? டாக்டர் ரூபாவும் டாக்டர் தேவதாசனும் ஊர் ஊராகப் போய்த் தடுப்பூசி, கர்ப்பிணி கவனிப்பு என்று ஆரம்பித்தார்கள். 1990-ல் டாக்டர் ஷைலாவும் டாக்டர் நந்தகுமார் மேனனும் வந்த பிறகு கூடலூரில் மருத்துவமனையும் வந்தது. 1992-லேயே ஊர்ச் சங்கங்கள் மூலம் ஆதிவாசிகள் தாங்களே சந்தா கட்டி மருத்துவக் காப்பீடு எடுத்தார்கள். காப்பீட்டு அட்டை பற்றி இன்று எல்லாரும் பேசுகிறோம், அன்று அந்த வார்த்தையே பலருக்குத் தெரியாது.

இதெல்லாம் பெரிய விஷயம்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. அங்கே நர்ஸாக, சுகாதாரப் பணியாளராக இருப்பவர்கள் பெரும்பாலும் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் பெண்கள். வெளியிலிருந்து ஆள் கொண்டுவராமல் அந்தந்த ஊர்ப் பெண்களையே பயிற்சி கொடுத்து வளர்த்தார்கள். பணியர் பாட்டி ஒருத்தி ஆஸ்பத்திரி வாசலில் கால் வைக்கத் தயங்குவது ஊசிக்குப் பயந்து இல்லை. தான் பேசுவதை அங்கே யாரும் கேட்கமாட்டார்கள், "தள்ளி நில்" என்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். தன் பாஷையில் "வா" என்று கூப்பிட ஒரு பேத்தி வயசுப் பெண் இருந்தால் அவள் உள்ளே வருவாள், மாத்திரையையும் விடாமல் சாப்பிடுவாள். சிக்கிள் செல் வாழ்நாள் முழுக்க மருந்து எடுக்க வேண்டிய நோய், ஆகவே இது சின்ன விஷயம் இல்லை.

இலங்கையிலிருந்து வந்த எங்களுக்கும் இப்படி ஒதுக்கப்படுகிற வலி தெரியும். என் அப்பா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் பதிவு பண்ணி, அங்கிருந்து இந்த மலைக்கு வந்தவர். 'சிலோன்காரன்' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். எங்களை இங்கே கொண்டுவந்து டான்டீ என்கிற அரசுத் தோட்டங்களில் தேயிலை நட்டார்கள், ஆதிவாசிகளின் காடு இன்னும் கொஞ்சம் சுருங்கியது, அதையும் நான் மறைக்க விரும்பவில்லை. அப்புறம் 2007-ல் முதுமலை புலிகள் காப்பகமானது, காட்டுக்குள் இருந்த குடும்பங்களை வெளியே குடியேற்றினார்கள். இடம் மாறினால் தெரிந்த மூலிகை, தெரிந்த மருத்துவச்சி, தெரிந்த வழி எல்லாம் போய்விடுகிறது. அப்படி வந்தவர்களிடம் "ஆஸ்பத்திரி எட்டு கிலோமீட்டர்தான்" என்று சொன்னால் போதாது. ராத்திரி யானை நிற்கிற பாதையில் அந்த எட்டு கிலோமீட்டர் எப்படிப் போவது?

அரசிடம் கேட்பது இதுதான். சிக்கிள் செல் பரிசோதனை செய்து அதற்கான அட்டை கொடுப்பதோடு நிற்க வேண்டாம். பந்தலூர், ஐயன்கொல்லி, ஸ்ரீமதுரை, ஓவேலி வட்டாரங்களில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த நோய்க்கான ஹைட்ராக்ஸியூரியா மருந்தும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் எந்த மாதமும் விட்டுப்போகாமல் கிடைக்க வேண்டும். பல வருஷம் ஊருக்குள் நடந்து அனுபவம் சேர்த்த ஆதிவாசி சுகாதாரப் பணியாளர்களுக்கு அந்த அனுபவத்தை மதித்து அரசு வேலையில் இடம் தர வேண்டும், சான்றிதழ் குறைவென்றால் படிக்க வழி செய்து கொடுங்கள். தோட்ட லயங்களிலும் அதே மாதிரி லயத்துப் பெண்களையே எடுக்கலாம். நன்கொடை குறைகிற வருஷத்தில் ஒரு தொண்டு நிறுவனம் இந்த வேலையைச் சுருக்கிக்கொள்ளும்படி விட்டுவிடக் கூடாது, அரசு நிதியும் வர வேண்டும்.

இந்த மழைக்காலம் முடிவதற்குள் யாராவது ஒரு அதிகாரி எங்கள் பக்கம் வந்து, சிக்கிள் செல் பிள்ளைகள் படிக்கிற பள்ளி வாத்தியார்களைக் கூட்டி, முட்டி வலி என்று சொல்லும் பையனை அடிக்காதீர்கள் என்று சொன்னால்கூட எனக்குப் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சேரம்பாடி, நீலகிரி மாவட்டம்