அம்மா எழுந்து நடக்கிறார்

அன்பான தோட்டத்து உறவுகளுக்கு,

அம்மாவை நேற்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் வாசல் வரை நடந்தார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அந்த ராத்திரியில் எங்கள் லயத்து வீட்டிலிருந்து ரோட்டுக்குக் கம்பளியில் தூக்கிவந்த அண்ணன்மார், 1990 என்ற நம்பருக்கு அழைத்ததும் ஆம்புலன்ஸில் வந்த பிள்ளைகள், கண்டி பெரியாஸ்பத்திரி டொக்டர்மார், தாதி மிஸ்ஸிமார், அம்மாவோடு கொழுந்தெடுக்கும் அக்காமார் சேர்த்துக் கொடுத்த காசு, வார்ட்டுக்குச் சோறு கொண்டுவந்த சித்தி. எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் உங்களில் பலருக்குத் தெரியாது. ஹட்டன் டவுனில் ஒரு பாமசியில் மருந்து கொடுக்கும் தம்பி அவர். அம்மா விழுவதற்குச் சில நாள் முன்பு அங்கே போயிருந்தோம். காலும் இடுப்பும் எலும்புக்குள்ளே குத்துகிறது என்று டைக்ளோஃபெனாக் என்ற வலிக் குளிசை கேட்டோம். மலை ஏறி இறங்குகிற உடம்பு, வலிக்கத்தானே செய்யும் என்று எல்லோரும் நினைத்திருந்த நேரம். தம்பி அட்டையிலிருந்து குளிசையைக் கத்தரித்து உறையில் போட்டுவிட்டார். போட்ட பிறகு கேட்டார், “அம்மா, வேற என்னா மருந்து குடிக்கிறீங்க?”

கிளினிக் கொப்பியைக் கொடுத்தோம். கடையில் அவ்வளவு கூட்டம், அவர் நின்று பக்கம் பக்கமாகப் பார்த்தார். அம்மா ஹெபடைடிஸ் பி என்ற ஈரல் கிருமிக்குக் குடித்துவந்த டெனோஃபோவிர் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். “ஈரல் கிருமிக்கு இது நல்ல மருந்துதான் அக்கா. சில பேருக்கு கிட்னியைத் தாக்கும். இதோட இந்த வலிக் குளிசையும் சேர்ந்தா இன்னும் மோசம். நான் தர மாட்டேன்.” குளிசையை வெளியே எடுத்துவிட்டு, அதே உறையில் கிரியேட்டினின், பொஸ்பேட், சிறுநீர்ப் பரிசோதனை என்று டொக்டருக்கு எழுதிக் கொப்பிக்குள் வைத்தார். “ஈரல் மருந்தை நீங்களா நிப்பாட்டிடாதீங்க, கிருமி திரும்பக் கிளம்பும்” என்று ரெண்டு தடவை சொன்னார். ஒரு சதமும் வாங்கவில்லை.

அம்மாவை வார்ட்டில் சேர்த்த ராத்திரி டொக்டர் முதலில் படித்தது அந்த உறையைத்தான். உடனே அந்தப் பரிசோதனைகளுக்கு எழுதினார். சிறுநீரகம் பிடித்து வைக்கவேண்டிய பொஸ்பேட் சிறுநீரோடு போய்க்கொண்டிருந்தது, அதனால்தான் எலும்பு பலமிழந்து வலித்திருக்கிறது. அம்மாவுக்குச் சீனி வருத்தம் இல்லை, ஆனாலும் சிறுநீரில் சீனி. இப்போது என்டெகாவிர் என்ற வேறு ஈரல் மருந்துக்கு மாற்றியிருக்கிறார்கள், அதையும் சிறுநீரகத்தின் நிலைக்கு ஏற்ற அளவில். வெறும் வயிற்றில் குடிக்கவேண்டிய மருந்து. ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் அம்மாவைத் தூங்கவிடாமல் கதை பேசுவது இனி என் வேலை.

கூட்டத்தைக் காட்டி எங்களை அனுப்பியிருக்கலாம் அந்தத் தம்பி. கேட்ட குளிசையைக் கொடுத்திருந்தால் நாங்களும் நன்றி சொல்லி வாங்கி வந்திருப்போம். அதை நினைத்தால் இன்னமும் கை நடுங்குகிறது. தம்பி, நீங்கள் எங்கள் வீட்டுப் பிள்ளை.

இலங்கையில் 2003இல்தான் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போடும் ஊசிகளோடு சேர்த்தார்கள். நானும் அண்ணனும் அதற்கு முன்பே பிறந்தவர்கள். அடுத்த கிளினிக் நாளில் நாங்கள் இருவரும் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கப் போகிறோம், கிருமி இல்லையென்றால் ஊசி போட்டுக்கொள்வோம். போகிற வழியில் ஹட்டனில் இறங்கி, அம்மாவை நடக்கவைத்து அந்தக் கடைக்குக் கூட்டிப்போவேன்.

என்றும் நன்றியுடன்,
அம்மாவின் மூத்த மகள்