பெயர் கேட்க மறந்த ஓட்டோ அண்ணைக்கு

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போகும் வழியில், முள்ளியவளை தாண்டியதும் எங்கள் மோட்டார்சைக்கிள் ரியூப் வெடித்துவிட்டது. அம்மா விரதம். வெயிலில் நிற்கவே முடியவில்லை.

நீங்களாகத்தான் ஓட்டோவை நிறுத்தினீர்கள். கண்ணாடியில் செபமாலை, பின்சீற்றில் வெறும் மீன்பெட்டி. அம்மா தயங்கியதைக் கண்டதும், "பொறுங்கோ அம்மா, கோயிலுக்கெல்லோ போறியள்" என்று பக்கத்து வளவுக் கிணற்றில் நாலு வாளி அள்ளி, சீற்றைக் கழுவித் துடைத்தீர்கள். அப்புறம் பையிலிருந்த தோய்த்த சாரத்தை எடுத்து, மடித்து அதன்மேல் விரித்தீர்கள். அந்தச் சாரத்தைப் பற்றித்தான் வீட்டில் இன்னும் கதை.

மதத்தின் பெயரால் ஆளையாள் முறைக்கிற காலம். எங்கள் ஊரிலும் உண்டு, சரி, அதை விடுவோம்.

கோயில் வாசலில் காசு நீட்டினேன், வாங்கவில்லை. "ஓகஸ்ட் 15 மடு மாதா கோயில்ல திருநாள். வந்தால் எனக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கோ" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள். கடல்நீரில் விளக்கெரியும் அந்த அம்மன் முன்னால் உங்கள் குடும்பத்துக்காகவும் கும்பிட்டாராம் அம்மா.

மிக்க நன்றி அண்ணை. மெழுகுதிரி வாங்கியாயிற்று. யார் பெயரைச் சொல்லிக் கொளுத்துவது என்றுதான் அம்மா கேட்கிறார்.