உன் கூகுள் ஸ்காலர் பக்கத்த முழுசா பார்த்தேன்

அன்புள்ள மீரா,

உன் மெயிலுக்கு பதில் போட நாலு நாள் ஆயிடுச்சு, கோச்சுக்காதடி. லேப்ல புது இன்குபேட்டர் வந்திருக்கு, டெம்பரேச்சரும் பிஹெச்சும் நிலையா நிக்குதான்னு பாக்காம ஒரு கருவ கூட உள்ள வைக்க முடியாதில்ல, அதுலயே பொழுது போயிடுச்சு.

புரமோஷன் கமிட்டியில உன் ஹெச்-இன்டெக்ஸ் 14தான்னு சொல்லி ஃபைலை ஓரமா வெச்சுட்டாங்கன்னு எழுதியிருந்தியே, படிச்சதும் வயிறு எரிஞ்சுது. 14னா என்ன, உன் பேப்பர்ல 14 பேப்பர் ஒவ்வொண்ணையும் குறைஞ்சது 14 பேப்பர்ல மேற்கோள் காட்டி சைட் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம், அவ்வளவுதான். 2005ல ஹிர்ஷ்னு ஒரு ஃபிசிக்ஸ்காரர் சொன்ன கணக்கு அது. ட்ரயலுக்கு ஆள் சேக்கவே மூணு வருஷம் ஆகி, குழந்தை பொறக்குற வரைக்கும் இன்னும் காத்திருந்து எழுதுற நம்மள அந்த ஒத்த நம்பர வெச்சு எப்படி எடை போடுவாங்க?

நேத்து ராத்திரி உக்காந்து கர்ப்பப்பை உள் சுவர லேசா சுரண்டி விடற ஸ்க்ராட்ச் பத்தின உன் பேப்பர சைட் பண்ண 31 பேப்பரையும் ஒவ்வொண்ணா திறந்து பார்த்தேன். ஞாபகம் இருக்கா, 2003ல 134 பேர வெச்சு வந்த ஸ்டடியில, டெஸ்ட் ட்யூப் முறையான ஐவிஎஃப்-க்கு முந்தின மாதவிடாய் சைக்கிள்ல கர்ப்பப்பை உள் சுவர்ல பயாப்ஸி எடுத்தா குழந்தை பிறக்குற வாய்ப்பு ரெண்டு மடங்குக்கு மேலன்னு சொன்னாங்க, அப்புறம் எத்தன கிளினிக்ல அத செய்ய ஆரம்பிச்சாங்க, எத்தன பொண்ணுங்க அந்த வலிய தாங்கிக்கிட்டாங்க. நீ அப்பவே உன் சின்ன ட்ரயல்ல வித்தியாசம் ஒண்ணும் தெரியலன்னு எழுதின, மூணு ஜர்னல் திருப்பி அனுப்பிச்சு, நீ என்கிட்ட ஃபோன்ல அழுத. 2019ல 1364 பேர வெச்சு பெரிய ட்ரயல் வந்துச்சு, செஞ்சவங்க செய்யாதவங்க ரெண்டு பக்கமும் 26.1 சதவீதம்தான் குழந்தை. ஆனா சைட்டேஷன் கணக்குல பாரு, நம்பி சைட் பண்ணவங்களும் மறுக்கறதுக்காக சைட் பண்ணவங்களும் ஒண்ணாதான் சேருறாங்க, அந்த 2003 பேப்பர் பக்கத்துல உன்னோடது கண்ணுக்கே தெரியல.

அந்த 31ல பெரும்பாலானவங்க இன்ட்ரோவுல ஒரு வரியில உன் பேர போட்டு போயிட்டாங்க. ரெண்டு பேர் நீ சொன்னதுக்கு நேர் எதிரா, பலன் இருக்குன்னு எழுதி உன் பேப்பர காட்டியிருக்காங்க, அப்ஸ்ட்ராக்ட்ட கூட படிக்கலடி! ஆனா பல ட்ரயலோட முடிவுகள ஒண்ணா சேர்த்து கணக்கு போடற மெட்டா-அனாலிசிஸ் நாலு, உன் ரெண்டாவது டேபிள அப்படியே எடுத்து கணக்குல சேத்திருக்கு. அந்த நாலுக்கு இருக்கற மதிப்பு மத்த 27க்கும் சேர்த்து கிடையாதுன்னு நான் எந்த கமிட்டி முன்னாடியும் சொல்லுவேன்.

சுபாஷ் முகர்ஜிய நினைச்சுக்கிட்டேன். 1978 அக்டோபர்ல கொல்கத்தாவுல டெஸ்ட் ட்யூப் குழந்தைய பிறக்க வெச்சவர், ஆனா அவர யாரும் நம்பல, வெளிநாட்டுக்கு போயி பேசவும் விடல, 1981ல தற்கொலை பண்ணிக்கிட்டார். இந்தியாவோட முதல் டெஸ்ட் ட்யூப் குழந்தைய உருவாக்கின விஞ்ஞானிங்கற பேர 1986ல வாங்கின ஆனந்த் குமார்தான் பின்னாடி முகர்ஜியோட நோட்ஸ உக்காந்து படிச்சு, முதல் ஆள் நான் இல்ல அவர்தான்னு 1997ல கரன்ட் சயின்ஸ் ஜர்னல்ல எழுதினார். தன் பேர தானே விட்டுக்கொடுத்து எழுதின அந்த பேப்பர நினைச்சா எனக்கு இப்பவும் தொண்டை அடைக்குது.

இன்னொண்ணு, சைட்டேஷன் கணக்கு வெக்கற ஸ்கோபஸ் தளத்துல உனக்கு ரெண்டு ப்ரொஃபைல் இருக்கு, இனிஷியல முன்னாடி போட்டது ஒண்ணு, பின்னாடி போட்டது ஒண்ணு. அஞ்சு பேப்பர் தனியா கிடக்குது, அத சேக்க சொல்லி ரிக்வெஸ்ட் போடு, ஆராய்ச்சியாளருக்கு தனித்தனியா குடுக்கற ஆர்க்கிட் ஐடியையும் இணைச்சுடு. என் முதல் பேப்பர்ல ஒரு ஸ்லைடு கூட பாக்காத பெரியவர் பேர கடைசில சேத்தோமே, அந்த மாதிரி நூறு பேப்பர் வெச்சிருக்கவங்களோட உன்ன ஒப்பிட்டு மனச கெடுத்துக்காத, உன் லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொண்ணுக்கும் நீ ராத்திரி கண்ணு முழிச்சத நான் பார்த்திருக்கேன்.

கமிட்டிக்கு மறுபடி எழுது. உன் பேப்பர்ல மூணே மூணு எடு, ஒவ்வொண்ணையும் யார் எதுக்கு பயன்படுத்தினாங்கன்னு ரெண்டு ரெண்டு வரி போதும். நான் பார்த்த 31ஐயும் எக்செல்ல போட்டு இதோட அனுப்பியிருக்கேன், நாலு மெட்டா-அனாலிசிஸுக்கும் மஞ்சள் கலர் அடிச்சிருக்கேன். லெட்டர் எழுதினதும் முதல்ல எனக்கு அனுப்பு, அன்னைக்கே படிச்சுட்டு கூப்பிடறேன்.

உன்
சுதா