ஆடி 18-ஐ எனக்கு விட்டுக்கொடுத்த அக்காவுக்கு

தருமபுரியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். மூன்று வருடமாக ஆடிப்பெருக்குக்கு எனக்கு நைட் டூட்டிதான். "கல்யாணம் ஆகாதவளுக்கு என்ன பண்டிகை?" என்பார்கள். இந்த முறையும் டூட்டி லிஸ்டில் என் பெயர். வாக்குவாதம் முற்றி, மருந்து அறையில் நின்று அழுதேன்.

எங்கள் வார்டு சீனியர் அக்கா, பெயர் போடக் கூடாது என்றிருக்கிறார், இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய் என் பெயருக்குப் பதில் தன் பெயரை எழுதச் சொன்னார். அவருக்கும் வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

ஒகேனக்கல்லில் அம்மாவோடு காவிரியில் குளித்தேன். அம்மா கையால் காப்பரிசி சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று! மறுநாள் அக்காவுக்கும் ஒரு டப்பா கொண்டுபோனேன். கண் சிவந்திருந்தும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

ரொம்ப நன்றி அக்கா. தீபாவளி நைட் என்னுடையது. இப்போதே சொல்லிவிட்டேன்.