நடக்க வைத்தால் போதுமா?

ஆசிரியருக்கு,

பக்கவாதம் வந்த என் அம்மாவுக்கு ஆறு மாதம் பிசியோதெரபி கொடுத்தோம். கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கினார். சரி, இனிக் கவலையில்லை என்று இருந்துவிட்டோம். ஆனால் அவர் வாசலைத் தாண்டவே இல்லை. வெள்ளிக்கிழமை கோயில், எதிர்வீட்டுத் திண்ணைப் பேச்சு, விசேஷ வீட்டில் காய் நறுக்கப் போவது எல்லாமே நின்றுபோயின.

பிறகு வந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்குபவர்), கையைத் தொட்டுப் பார்க்கும் முன்பே, “எங்கே போகணும்னு ஆசைம்மா?” என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி (நான் உட்பட). கோயிலுக்கு என்றார் அம்மா. வாசலின் மூன்று படிகளுக்குக் கைப்பிடி வைக்கச் சொன்னார் அந்தப் பெண். பலகையில் இரண்டு ஆணி அடித்து, வெங்காயத்தை அதில் குத்தி நிறுத்தி, ஒரு கையாலேயே நறுக்கப் பழக்கினார். இப்போது வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கே அம்மா புடவை மாற்றிக்கொண்டு எங்களை அவசரப்படுத்துகிறார்.

2011 கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் பத்தில் ஒருவர் 60 வயதைத் தொட்டவர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அரசுத் திட்டம் மூலம் பிசியோதெரபி வீட்டுக்கே வருவது பெரிய விஷயம். அதோடு வட்டாரத்துக்கு ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டும் வந்தால் என்ன? அப்புறம், கோயில், ரேஷன் கடைப் படிகளில் ஒரு கைப்பிடி வைத்தால் புண்ணியமாகப் போகும்.

- ஒரு வாசகி, திருச்சி