ஏப்ரல் 15 வரை

தூத்துக்குடி
21 மார்ச் 2025, வெள்ளி மாலை

அன்புள்ள மலர்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. வேலை அதிகம் என்று சொன்னால் பொய். பேனாவை எடுத்தாலே மனம் போனுக்கு ஓடிவிடுகிறது, அதுதான் காரணம். இன்று அம்மா பனிமய மாதா கோயிலுக்குச் சிலுவைப்பாதைக்குக் கிளம்பியபோது போனை அவள் பையிலேயே போட்டு அனுப்பிவிட்டேன். எட்டு மணிக்குத்தான் வருவாள். அதுவரை எந்த மின்னஞ்சலும் என்னைத் தொட முடியாது. இந்த இரண்டு மணி நேரம் உனக்கு.

நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிஎச்டிக்கு ஐந்து இடங்களுக்கு விண்ணப்பித்தேன். எல்லாம் அமெரிக்கா, எல்லாம் கடல்புல் ஆராய்ச்சிக்காக. ஒரு பல்கலைக்கழகம் கேட்டவுடன் விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. மற்ற நான்குக்கும் டோஃபல் ஆங்கிலத் தேர்வுக்கும் சேர்த்து 44,000 ரூபாய்க்கு மேல் போனது. எனக்கு ப்ராஜெக்டில் மாதம் 20,000 என்பது உனக்குத் தெரியும். பிப்ரவரியில் இரண்டு இடங்களிலிருந்து வருத்தம் தெரிவித்துவிட்டார்கள். கலிபோர்னியாவில் ஒரு பேராசிரியர் ஜனவரியில் ஜூமில் முக்கால் மணி நேரம் ஆசையாகப் பேசினார். நம் பரங்கிப்பேட்டையைப் பற்றி, வெள்ளாற்று முகத்துவாரத்தைப் பற்றியெல்லாம் கேட்டார். அதற்குப் பிறகு பேச்சு மூச்சு இல்லை. ஃபுளோரிடாவில் இன்னும் ‘பரிசீலனையில்’ என்றே காட்டுகிறது. வர்ஜீனியாவில் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறேன்.

வர்ஜீனியாதான் என் ஆசை. ஏன் என்று உனக்கு விவரமாகச் சொன்னதில்லை. அங்கே கடலோர உப்பங்கழிகளில் ஒரு காலத்தில் கடல்புல் செழித்துக் கிடந்தது. 1930களில் ஒரு நோய் தாக்கியது, 1933இல் சூறாவளியும் வந்தது, புல் முழுக்க அழிந்துபோனது. அறுபது, எழுபது வருடம் அந்தத் தரை வெறும் மணலாகவே கிடந்திருக்கிறது. 1999 வாக்கில் அங்கிருந்த ஆராய்ச்சியாளர்கள் விதை சேகரித்துப் படகிலிருந்து கையால் தூவ ஆரம்பித்தார்கள். வயலில் விதைப்பது போலத்தான். 20 வருடத்தில் 7 கோடிக்கும் மேல் விதை, 3,600 ஹெக்டேர் புல்வெளி. அது 2020இல் கட்டுரையாக வந்தபோது நாம் ஊரடங்கில் வீட்டில் கிடந்தோம். ஒரே நாளில் மூன்று முறை படித்தேன். பாக் விரிகுடாவில் ஆவுளியா என்ற கடற்பசுவுக்காக 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தார்களே, 2022இல், அப்போதும் எனக்கு அந்த விதைகள்தான் நினைவுக்கு வந்தன. எல்லை போட்டுக் காப்பது ஒன்று. அழிந்த இடத்தில் திரும்ப முளைக்க வைப்பது வேறு வேலை. அதைக் கையால் செய்தவர்களிடம் போய்க் கற்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அந்த இடத்தில்தான் இப்போது வாசலில் நிற்கிறேன். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

காத்திருப்பதில் நான் எதிர்பார்க்காத கஷ்டம் இரவு. அவர்களுக்குக் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30. மார்ச் 9 அன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள், அதற்கு முன்பு 7.30. கலிபோர்னியாவில் ஆபீஸ் மூடும்போது நமக்கு விடியற்காலை 5.30. ஆக, நல்லதோ கெட்டதோ, எந்தச் செய்தியும் இருட்டிய பிறகுதான் வரும். பகல் முழுக்க நன்றாக இருக்கிறேன். கடல்புல் திட்டில் வேலை இருந்தால் இன்னும் நன்றாக இருக்கிறேன். அரை மீட்டர் சதுரச் சட்டகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் புல் தண்டுகளை எண்ணும்போது வேறு எதுவுமே மனதில் வராது. வெயில் இறங்கியதும் வயிற்றில் ஏதோ பிசைய ஆரம்பிக்கும். பன்னிரண்டு மணிக்கு ஒரு முறை, இரண்டு மணிக்கு ஒரு முறை விழித்துப் போனைப் பார்க்கிறேன். அப்பா துறைமுகத்துக்குப் போக நாலு மணிக்கு எழுந்தால் என் முகத்தில் போன் வெளிச்சம் தெரிகிறது. அவர் ஒன்றும் கேட்பதில்லை. கடுங்காப்பி போட்டு எனக்கும் ஒரு டம்ளர் வைத்துவிட்டுப் போகிறார். சனியும் ஞாயிறும்தான் நிம்மதி, அங்கே விடுமுறை.

அப்பாவைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

விண்ணப்பத்தோடு எஸ்ஓபி எழுத வேண்டும் இல்லையா, இந்தப் படிப்பு எனக்கு எதற்கு என்று. நவம்பரில் அதை எழுத உட்கார்ந்தபோது, என் அப்பா விசைப்படகு டிரைவர் என்றுதான் முதல் வரி வந்தது. அடுத்த வரிகளில், மடி வலை இழுக்கும் படகுகள் கடல்புல்லை வேரோடு பெயர்த்துவிடுகின்றன என்றும், சின்ன வயதில் கரையில் மடியை உதறும்போது விழுந்த புல்லை வைத்து நான் விளையாடினேன் என்றும் எழுதினேன். படித்துப் பார்த்த எங்கள் மேடம் நன்றாக இருக்கிறது, மாற்றாதே என்றார்கள். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை, மலர். என்னைப் படிக்க வைத்த தொழிலைப் பற்றி, அவருக்குத் தெரியாத மொழியில், அவர் ஒருநாளும் பார்க்காத மனிதர்களிடம் குற்றப்பத்திரிகை வாசிக்கிறேனோ என்று இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை உட்கார வைத்து முழுவதையும் தமிழில் சொல்லிக் காட்டினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எழுதுனது உண்மைதான். ஆனா புல்லு எங்கெங்க கெடக்குன்னு எனக்குத் தெரியும்னு எழுதுனியா?” என்று கேட்டார்.

நான் எழுதவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று இரவு நாங்கள் இருவரும் தரையில் ஒரு பெரிய தாளை விரித்தோம். முயல்தீவு வெளிச்சவீட்டையும் அனல்மின் நிலையப் புகைபோக்கியையும் ஒரே கோட்டில் பார்த்தால் அடியில் என்ன இருக்கும், கோயில் கோபுரம் எந்தப் பக்கம் தள்ளித் தெரிந்தால் பாறை வரும், எந்த இடத்தில் முன்பு புல் இருந்து இப்போது இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல நான் குறித்தேன். கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கக் கூடாது என்ற சட்டம் 1983லேயே வந்துவிட்டது. அது ஏன் வந்தது, யார் மதித்தார்கள், யார் மதிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அவர் கூலிக்குப் போன படகுகளையும் சேர்த்தேதான் சொன்னார். எஸ்ஓபியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். இரண்டு பக்கத்தில் பாதி, அப்பாவின் தலைக்குள் இருக்கும் அந்த வரைபடம்.

அதனால்தான் இந்த மௌனம் என்னை இப்படி வாட்டுகிறது என்று நினைக்கிறேன். அங்கே பரிசீலனையில் கிடப்பது என் மார்க் மட்டும் என்றால் இவ்வளவு வலிக்காது.

பகலில் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்கிறேன். நம் துறையில் இடம் கிடைப்பது என்பது கல்லூரி அட்மிஷன் மாதிரி இல்லை. ஒரு பேராசிரியர் ஐந்து வருடத்துக்கு நம் சம்பளத்துக்கும் கட்டணத்துக்கும் வழி பார்த்தால்தான் கூப்பிட முடியும். அவரிடம் ஆராய்ச்சி நிதி இருக்க வேண்டும், இல்லை துறையில் வகுப்பு எடுக்கும் வேலை காலியாக இருக்க வேண்டும். இந்த வருடம் அதிலும் இடி விழுந்துவிட்டது. பிப்ரவரி 7 அன்று அங்கே மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் என்ஐஹெச், கட்டடம், மின்சாரம், நிர்வாகம் போன்றவற்றுக்குக் கூடுதலாகத் தரும் பங்கை 15 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தது. அதுவரை சராசரி 27, 28 சதவீதம். சில பெரிய இடங்களில் 60ஐத் தாண்டும். நீதிமன்றம் நிறுத்தி வைத்திருக்கிறது. ஆனால் பயம் நிற்கவில்லை. பிட்ஸ்பர்க்கில் பிஎச்டி சேர்க்கையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள். மாசசூசெட்ஸில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தவர்களிடமிருந்தே திரும்ப வாங்கிக்கொண்டது. கடல்புல்லுக்கும் மருத்துவத்துக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கஜானா ஒன்றுதானே. நம் துறை ஆராய்ச்சிக்கு அங்கே நிதி தரும் என்எஸ்எஃப்பிலும் பிப்ரவரியில் ஒரே நாளில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

இதெல்லாம் தெரிந்திருப்பதால் பகலில் கொஞ்சம் தெம்பு வருகிறது. இரவு இரண்டு மணிக்கு இந்தக் கணக்கு எதுவும் நினைவில் நிற்பதில்லை. ‘நீ போதாது’ என்ற ஒன்றுதான் நிற்கிறது.

சரி, ஏப்ரல் 15க்கு வருகிறேன். அங்கே பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. நிதியுதவியோடு இடம் கிடைத்தவர் ஏப்ரல் 15 வரை யோசித்துப் பதில் சொல்லலாம், அதற்கு முன் நெருக்கக் கூடாது. மாணவருக்கு நல்ல பாதுகாப்புதான். என்னைப் போலப் பட்டியலில் நிற்பவளுக்கு என்ன ஆகிறதென்றால், எங்கோ ஒருவர் ‘எனக்கு வேண்டாம், வேறு இடம் போகிறேன்’ என்று சொன்னால்தான் எனக்கு வழி. அவர் யார், எந்த ஊர் என்று தெரியாது. அவருக்கு வேறு நல்ல இடம் கிடைக்கட்டும் என்று நிஜமாகவே ஜெபம் பண்ணுகிறேன்.

இதை அப்பாவிடம் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தார். “பதினைஞ்சா? அன்னைக்குத்தானே நாங்களும் போட்டைக் கட்டுறோம்” என்றார். ஆமாம், மலர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இவ்வளவு நாளும் இரண்டும் ஒரே தேதி என்று எனக்கு உறைக்கவே இல்லை. இந்த வருடம் அது ஈஸ்டருக்கு முந்திய பெரிய வாரத்தில் வேறு வருகிறது, பெரிய வியாழனுக்கு இரண்டு நாள் முன்னால். ஒவ்வொரு வருடமும் அந்த 61 நாளும் அப்பா சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. இஞ்சினைப் பிரிப்பார், மடி தைப்பார், படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிப்பார். நிவாரணப் பணம் எப்போது வரும் என்று மட்டும் தினமும் யாரையாவது கேட்பார். எனக்கு என் மடியைத் தைக்கத் தெரியவில்லை. மார்ச் 31உடன் ப்ராஜெக்ட் முடிகிறது. நீட்டிப்பு வருமா என்பதற்கும் இன்னும் பதில் இல்லை.

இப்போது உன் விஷயம். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

2023இல் நீ ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தாய். இடம் கிடைத்துவிட்டது, உதவித்தொகைக்குத்தான் பதில் வரவில்லை. ஒரு நாள் இரவு எனக்குப் போன் செய்து, “பயமா இருக்குடி” என்றாய். நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? “உனக்குக் கிடைக்கலேன்னா வேற யாருக்குக் கிடைக்கும், பேசாமத் தூங்கு” என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். ஆனால் நீ அதற்குப் பிறகு என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. உதவித்தொகை கிடைக்கவில்லை என்பதை மூன்று வாரம் கழித்துத்தான் சொன்னாய், அதுவும் வேறு பேச்சுக்கு நடுவில். அப்போது எனக்குக் கோபம் வந்தது, என்னிடம் ஏன் மறைத்தாய் என்று.

இந்த பிப்ரவரியில் என் சித்தி அதே வார்த்தையை என்னிடம் சொன்னாள். உனக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும் என்று. அப்போதுதான் புரிந்தது. அதைக் கேட்ட பிறகு கிடைக்கவில்லை என்று எப்படிப் போய்ச் சொல்வது? வலியோடு, அவர்களை ஏமாற்றிவிட்ட குற்ற உணர்வையும் சேர்த்து அல்லவா சுமக்க வேண்டியிருக்கிறது. நீ அந்த மூன்று வாரம் விடுதியில் தனியாக என்ன செய்தாய், மலர்? ராத்திரி சாப்பிட்டாயா? நான் கேட்டிருக்க வேண்டும். பயமாக இருக்கிறது என்று சொன்னபோது, ஆமாம் பயமாகத்தான் இருக்கும் என்று சொல்லி இன்னும் கொஞ்ச நேரம் லைனில் இருந்திருக்க வேண்டும். என்னை மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் அலையேற்றம் பார்க்க வைத்தாய் என்று எழுதியிருந்தாயே, அதை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அந்தச் சின்னப் பையன் நண்டுக்கு ஏன் வலிக்காது என்று கேட்டதற்கு நீ என்ன பதில் சொன்னாய்? எழுதாமல் விட்டுவிட்டாய். மறுபடி விண்ணப்பிக்கும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. உனக்குச் சொல்லத் தோன்றும்போது சொல்.

தடைக்காலம் தொடங்கியதும் வழக்கம்போல வேளாங்கண்ணிக்கு வருகிறோம். ஈஸ்டர் பாஸ்கா முடிந்து, ஏப்ரல் கடைசி வாரம். அதற்குள் எனக்குப் பதில் வந்திருக்கும், இல்லை வராமலே போயிருக்கும். நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டுக்கு நீ வந்துவிடு. முதல் கேள்வியாக அதைக் கேட்காதே, நானே சொல்கிறேன். தவக்காலம் என்று வீட்டில் மக்ரூன் வாங்கவில்லை, வரும்போது உனக்கு அரைக் கிலோ வாங்கி வருகிறேன். அப்பாவும் கூட வருவார். அந்தத் தாளைச் சுருட்டி எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன், நாகை பக்கத்துக் கடல் உங்கள் வீட்டு மாமாவுக்குத் தெரியுமே, பார்க்கட்டும் என்றார்.

கேட் சத்தம் கேட்கிறது. அம்மா வந்துவிட்டாள்.

உன்
ஜெனி