கேன்டீன் வரிசையில் ஏன் நிற்கிறேன் என்று கேட்டாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, குட்டி எல்லோரும் நலம்தானே. இங்கே அம்மாவும் நானும் சுகம். மழைக்கு அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. தைலம் தேய்த்துக்கொண்டு மறுபடியும் எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கோபப்பட்டாய். "பென்ஷன் லைஃப் சர்டிபிகேட்டுக்கு போன்லயே மூஞ்சிய காட்டினா முடிஞ்சுது. மளிகை ஆர்டர் போட்டா வீட்டுக்கே வருது. எழுபதை நெருங்குற வயசுல இருநூறு ரூபா மிச்சத்துக்காக பஸ் ஏறி வேலூர் போய் மிலிட்டரி கேன்டீன் வரிசையில நிக்கணுமாப்பா?" என்று கேட்டாய். எனக்குப் பதில் வரவில்லை. போனில் எனக்கு எப்போது பதில் வந்திருக்கிறது? பட்டாளத்தில் இருந்த 24 வருஷத்தில் பெரும்பகுதி உன் அம்மாவோடு பேசியதெல்லாம் இன்லேண்ட் லெட்டரில்தான். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

கன்னர் மாமாவை ஞாபகம் இருக்கிறதா? ஐந்தாம் வகுப்பில் உனக்கு சைக்கிள் பழக்கிவிட்டாரே, அவர்தான். 71 சண்டையில் பீரங்கிப் படையில் இருந்தவர். அவர் மகன் ஓசூரில் நல்ல வேலையில் இருக்கிறான். தங்கமான பிள்ளை, குறையே சொல்ல முடியாது. அப்பா அலையக் கூடாது என்று எல்லாவற்றையும் வீட்டு வாசலுக்கே வரவழைத்துவிட்டான். மளிகை, மாத்திரை, கரன்ட் பில், கேஸ் எல்லாம் போனிலேயே முடிந்துவிடுகிறது. ஆறே மாதத்தில் அந்த மனுஷனுக்கு வாசல்படியைத் தாண்ட ஒரு காரணமும் மிச்சமில்லை.

எங்கள் மேலும் தப்பு இருக்கிறது. டீக்கடைக்கு அவர் வராமல் போனதும் மகன் வீட்டுக்குப் போயிருப்பார் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டோம். ஒருத்தரும் போய்ப் பார்க்கவில்லை. போன வருஷம் டிசம்பர் 16ஆம் தேதி, டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த நாள், அவருக்கு அது தீபாவளி மாதிரி. சரி, லட்டு வாங்கிக்கொண்டு எட்டிப் பார்ப்போம் என்று போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் போய் நின்ற பிறகுதான் ஆள் வந்ததே தெரிந்தது. "சத்தம் வெச்சா பக்கத்து வீட்ல திட்டுறாங்க. வெக்காட்டியும் எனக்கு ஒண்ணுதான்" என்றார்.

25 பவுண்டர் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்ற காது அது. அந்தக் காலத்தில் காதுக்குக் காவல் என்று இருந்தது பஞ்சுதான், அதுவும் ஞாபகம் இருந்தால். பென்ஷன் வாங்கி வந்தபோதே பாதி போயிருந்தது, வயதானதும் மீதியும் போய்விட்டது. காது மெஷின் எங்கே என்று கேட்டேன். சாமி மாடத்தில் விபூதி டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டியை எடுத்துக் காட்டினார். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் மூலமாக வாங்கிய நல்ல மெஷின்தான். மாட்டினால் குக்கர் விசில், ஃபேன் சத்தம், பிளாஸ்டிக் கவர் சரசரப்பு எல்லாம் மண்டைக்குள் வந்து இடிக்கிறதாம், பேச்சு மட்டும் விளங்குவதில்லையாம். ஒரே வாரத்தில் கழற்றி வைத்துவிட்டார்.

டீக்கடைக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டபோது முதலில் மழுப்பினார். அப்புறம் சொன்னார். ஒருநாள் பெஞ்சில் எல்லோரும் ஏதோ பேசிக்கொண்டிருக்க, சிரிப்புப் பேச்சுதான் என்று நினைத்து இவரும் சிரித்திருக்கிறார். ஒரு பையன், "என்ன தாத்தா, சாவு சேதி பேசிட்டிருக்கோம், சிரிக்கிறியே" என்று கேட்டுவிட்டான். அன்றைக்கு எழுந்து வந்தவர்தான். அதற்குமேல் அந்தப் பக்கமே போகவில்லை.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, பாப்பா. குண்டு விழுந்த இடத்தில் பயப்படாமல் நின்ற ஆள், ஒரு சிரிப்புக்காக ஒரு வருஷம் வீட்டுக்குள் கிடந்திருக்கிறார்.

மறுவாரமே இசிஎச்எஸ் பாலிகிளினிக்குக் கூட்டிப் போனேன். ரெஃபரல் சீட்டு வாங்கி, காது பரிசோதனை செய்கிற இடத்துக்குப் போனோம். அந்தப் பெண் உன் வயதுதான் இருப்பாள், பொறுமையானவள். மெஷினை ஒரு தடவை வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடியாதாம். எந்தச் சத்தம் தொந்தரவு செய்கிறது என்று சொல்லிச் சொல்லி இரண்டு மூன்று தடவையாவது வந்து சரிசெய்ய வேண்டுமாம். தினம் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று மெல்லக் கூட்டி மூளையைப் பழக்க வேண்டுமாம். அந்தப் பொத்தான் பேட்டரியில் கூட ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிஷம் காற்றுப்பட விட்ட பிறகுதான் போட வேண்டுமாம். இதெல்லாம் அவருக்கு யாரோ ஒரு தடவை சொல்லித்தான் இருப்பார்கள். காது கேட்காதவரிடம் வாயால் சொல்லி அனுப்பினால் என்ன ஆகும்?

மூன்று தடவை போய் வந்தோம். இப்போது டீக்கடையில் அவருக்கு ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறோம். வடை சட்டிக்கும் ரோட்டுக்கும் எட்டத்தில், முதுகு சுவரைப் பார்க்க, எங்கள் முகம் அவருக்குத் தெரிகிற மாதிரி. ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் பேச வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறோம். சுபேதார் ஐயாதான் அடிக்கடி சட்டத்தை மீறுகிறார். அவரை யார் கேட்பது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "ஊர்ல இத்தனை பேர் இருக்காங்க, அங்கேயே பேசக் கூடாதா?" என்று நீ கேட்பாய். நம் பக்கம் பட்டாளத்துக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். நான் 19 வயதில் ஊட்டிப் பக்கம் வெலிங்டனுக்கு ட்ரெயினிங் போனவன். 2000-த்தில் திரும்பி வரும்வரை இந்த ஊருக்கு நான் லீவுக்கு வருகிற விருந்தாளி. கறிக்குழம்பு வைத்து, இரண்டு மாதத்தில் ரயில் ஏற்றிவிடுவார்கள். யார் யாருக்குச் சண்டை, யார் வீட்டில் எந்த மருமகள் என்று எதுவும் எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். நான் இல்லாத 24 வருஷத்தில் அவள் இந்த ஊரைச் சம்பாதித்து வைத்திருக்கிறாள். முழங்கால் வலியோடு அவள் போகிற திண்ணை அந்தச் சொத்துதான். அப்புறம் 17 வருஷம் பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நின்றேன். அதுவும் போன பிறகுதான் ஒரு திங்கட்கிழமை காலையில் ஷேவ் செய்துவிட்டு எங்கே போவது என்று தெரியாமல் கிணற்றடியில் நின்றது ஞாபகம் இருக்கிறது. அம்மா பார்த்துவிட்டு, "கருவேப்பிலை பறிச்சிட்டு வாங்க" என்றாள். பாவம், அவளுக்கும் வேறு வேலை கொடுக்கத் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதை உன்னிடம் நான் பேசியதில்லை. 87 முதல் 90 வரை இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்ததைப் படித்திருப்பாய். நம் ராணுவத்தில் 1,100 பேருக்கு மேல் அங்கே இறந்தார்கள். நான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். அங்கே அழுதவர்களும் தமிழில்தான் அழுதார்கள். திரும்பி வந்த பிறகு டீக்கடையில் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவேன். ஊரில் ஆளுக்கொரு நியாயம் வைத்திருந்தார்கள், எனக்கு எந்தப் பக்கமும் பேச வாய் வராது. சிக்னல் படையில் இருந்த சிக்னல் மாமா ஒருத்தரிடம்தான் அதைப் பேச முடிந்தது, ஏனென்றால் அவரும் அங்கே இருந்தவர். பேசுவோம் என்றால் என்ன, "அந்தப் பனங்காடு ஞாபகம் இருக்கா" என்பார், "ம்" என்பேன். அவ்வளவுதான். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்த "ம்" சொல்ல இப்போது ஆள் இல்லை.

பென்ஷன் பேங்க் மூலமாக வந்த நாட்களில் நவம்பர் மாதம் திருவிழா மாதிரி இருக்கும். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று கையெழுத்துப் போட எல்லோரும் நேரில் வந்தாக வேண்டும். ராம் ராம் சொல்லி, பி.பி., சுகர் கணக்குச் சொல்லி, வராதவர் யார் என்று எண்ணி, சாயங்காலமே அவர் வீட்டுக்கு ஆள் போய்விடும். இப்போது பென்ஷனுக்கு ஸ்பர்ஷ் என்று ஆன்லைன் முறை வந்துவிட்டது. நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அது பெரிய உபகாரம். ஸ்பர்ஷ் என்றால் இந்தியில் தொடுவது என்று அர்த்தம், நம் ஸ்பரிசம்தான். ஒருத்தரையும் தொடாமலே வேலை முடிந்துவிடுகிறது என்று சுபேதார் ஐயா சொல்லிச் சிரிப்பார்.

இருநூறு ரூபாய் மிச்சம் எனக்கும் பெரிசில்லை. கேன்டீனில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கும் இரண்டு மணி நேரத்தில்தான் யார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், யாருடைய சம்சாரம் தவறிவிட்டார், யாருக்கு ஓஆர்ஓபி (ஒரே ரேங்க், ஒரே பென்ஷன்) அரியர்ஸ் இன்னும் நிற்கிறது என்று தெரிகிறது. அங்கே எனக்கு இன்னும் ரேங்க் இருக்கிறது. "ஹவில்தார் சாப்" என்று கூப்பிடுகிறார்கள். ஊரில் நான் யாரோ ஒருத்தருடைய மாமனார், அவ்வளவுதான்.

இப்போது எங்களுக்குள் ரோல் கால் ஒன்று வைத்திருக்கிறோம். காலை ஏழு மணிக்கு நான் கன்னர் மாமாவுக்கு மிஸ்டு கால் கொடுப்பேன். அவர் சுபேதார் ஐயாவுக்குக் கொடுக்க வேண்டும், ஐயா சிக்னல் மாமிக்கு, மாமி திரும்ப எனக்கு. கன்னர் மாமாவுக்குக் காது கேட்க வேண்டியதில்லை, போனில் வெளிச்சம் வந்தால் போதும். ஏழரைக்குள் மாமி கால் வரவில்லை என்றால் எங்கே அறுந்தது என்று தேடிப் போவோம். மாமியை நான்தான் சேர்த்தேன். மாமா போன பிறகு அவரைக் கல்யாணத்துக்குக் கூடக் கூப்பிடுவதில்லை, குடும்பப் பென்ஷன் பேப்பரோடு தனியாக அலைந்தார். இப்போது எங்கள் நாலு பேரில் ஒரு நிமிஷம் பிசகாதவர் அவர்தான்.

ஒருநாள் சங்கிலி சுபேதார் ஐயா வீட்டில் அறுந்தது. கன்னர் மாமாவும் நானும் வேர்க்க விறுவிறுக்க ஓடினோம். பின்னாலேயே மாமியும் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். ஐயா உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு கோவணத்தோடு கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறார். போனில் ரீசார்ஜ் தீர்ந்துவிட்டதாம். மாமியைப் பார்த்ததும் ஐயா தென்னை மரத்துக்குப் பின்னால் பொசிஷன் எடுத்த வேகம் இருக்கிறதே, ட்ரெயினிங்கில் கூட அப்படி எடுத்திருக்க மாட்டார்.

அதனால் என்னை பெங்களூருக்கு வந்துவிடச் சொல்லாதே. பத்து நாள் வருகிறேன், பேத்தியைப் பார்க்கிறேன். பதினோராம் நாள் உன் பன்னிரண்டாவது மாடியில் நானும் சத்தமில்லாத டிவிதான் பார்ப்பேன்.

நீ செய்ய வேண்டியது இரண்டு இருக்கிறது. நாம் பேசப் பேச எழுத்தாகக் காட்டுகிற செயலி ஒன்று இருக்கிறதாமே, தமிழிலும் வருமாம். அதைக் கன்னர் மாமா போனில் போட்டு, எழுத்தைப் பெரிசாக வைத்துக் கொடு. அப்புறம் ஓசூர்த் தம்பியிடம் நீ பேசு, உன் சொல்லைக் கேட்பான். மாத்திரையை மட்டுமாவது அப்பாவே வேலூர் போய் வாங்கட்டும், கூட நான் போகிறேன் என்று சொல். நான் சொன்னால் அவன் அதைக் குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்வான்.

பொங்கலுக்கு ஒரு நாள் முன்னாலேயே வந்துவிடுங்கள். ஜனவரி 14 எங்கள் நாள், முன்னாள் படைவீரர் தினம். ஃபீல்டு மார்ஷல் கரியப்பா 1953-ல் ஓய்வு பெற்ற தேதி அது. இந்தத் தடவை நம் வீட்டில்தான் சாப்பாடு, பட்டாளத்துப் பெரிய விருந்தான பாராகானா மாதிரி பெரிசாகச் செய்யலாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். குட்டியைக் கன்னர் மாமா பக்கத்தில் உட்கார வை. மழலைப் பேச்சு மெஷினில் தெளிவாகக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டுமாம் அவருக்கு.

வருகிற செவ்வாய்க்கிழமை கேன்டீன் போகிறோம். குட்டிக்கு ஹார்லிக்ஸ், உனக்கு என்ன வேண்டும் என்று சொல். காலை ஏழு மணிக்கு மட்டும் போன் பண்ணாதே, லைன் பிஸியாக இருக்கும்.

இப்படிக்கு,
அப்பா